பயணக் கேள்வி–பதில்: இத்தாலியனைத் தமிழ் வழியாவே பிடிங்க

இந்த இதழுக்கு வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல இத்தாலி பத்திதான், அதுவும் ஊர் சுத்திப் பாக்கறதை விட "பாஷைக்கு என்ன பண்றது"ங்கிற கவலைதான் அதிகமா இருக்கு. அதனால இந்தத் தடவை மொத்தப் பக்கமும் அதுக்கே.

கேள்வி: அக்கா, நானும் வீட்டுக்காரரும் அக்டோபர்ல ரோம், ஃபிளாரன்ஸ், வெனிஸ்னு 12 நாள் போறோம். இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு. போன்ல ஒரு ஆப் போட்டு 3 வாரமா படிக்கிறேன், "பையன் ஆப்பிள் சாப்பிடுகிறான்"லயே நிக்குது. இங்கிலீஷ்ல அர்த்தம் காட்டுது, அதை நான் தமிழ்ல மாத்தி யோசிச்சு திரும்ப இத்தாலியன் சொல்றதுக்குள்ள எல்லாம் மறந்துடுது. எதைப் படிக்கணும், எதை விடணும்?

பதில்: "இங்கிலீஷ்ல காட்டுது, தமிழ்ல மாத்தி"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த வரியை ரெண்டு தடவை படிச்சேன். சிக்கல் உங்க ஞாபகத்துல இல்ல, வழியிலதான் இருக்கு. இங்கிலீஷ் வழியா இத்தாலியனுக்குப் போறது சுத்து வழி. நம்ம தமிழ்ல இருந்து நேராவே போகலாம், நிறைய இடத்துல தமிழும் இத்தாலியனும் ஒரே மாதிரிதான் யோசிக்குது.

முதல்ல வினைச்சொல். "போறேன்"னு சொன்னாலே நான்னு தெரியுது, "போறோம்"னா நாங்கன்னு தெரியுது, இல்லையா? நான், நாங்கன்னு தனியா சொல்லணும்னு அவசியமே இல்ல. இத்தாலியனும் அப்படியேதான். "வாதோ"ன்னா போறேன், "அந்தியாமோ"ன்னா போறோம், ஆள் யாருன்னு வாலே சொல்லிடும். இங்கிலீஷ் வழியா படிக்கிறவங்க ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னாடி "இயோ, இயோ"ன்னு நான் போட்டுப் பேசுவாங்க, கேக்கறவங்களுக்கு அது "நான்தான் போறேன், நான்தான்"னு அழுத்திச் சொல்ற மாதிரி இருக்கும்.

கேள்வி கேக்கறதும் லேசு. நாம "இடம் இருக்கு"ல ஒரு ஆ சேர்த்து "இருக்கா"ன்னு கேக்கறோம், அவங்க அதைக்கூட சேர்க்கறதில்ல. "ச்செ போஸ்தோ"ன்னா இடம் இருக்கு, கடைசியில குரலைத் தூக்கி "ச்செ போஸ்தோ?"ன்னா இடம் இருக்கா. அவ்வளவுதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது "மி பியாச்சே". இங்கிலீஷ் மட்டும் தெரிஞ்சவங்க இதுல நாள்கணக்கா முட்டிக்கிட்டு நிப்பாங்க, ஏன்னா அவங்க மொழியில "நான் இதை விரும்பறேன்"னுதான் அமைப்பு. நமக்கு? "எனக்குப் பிடிக்குது." மி-ன்னா எனக்கு, பியாச்சே-ன்னா பிடிக்குது. வார்த்தைக்கு வார்த்தை அப்படியே உக்காருது! பல பொருளா இருந்தா "மி பியாச்சோனோ"ன்னு ஆகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

எது தலைகீழா இருக்கும்னா, நம்ம வேற்றுமை உருபு வார்த்தைக்குப் பின்னாடி ஒட்டும், அவங்களுக்கு முன்னாடி வரும். ரோமுக்கு – "ஆ ரோமா". ரோம்ல இருந்து – "தா ரோமா". பால் இல்லாம – "ஸென்ஸா லாத்தே". இதை மட்டும் ஒரு வாரம் வாயால சொல்லிச் சொல்லிப் பழகுங்க.

அடுத்தது உச்சரிப்பு. இதுல நாம கொடுத்து வச்சவங்க. அவங்க த-வும் நம்ம த-வும் ஒண்ணு, பல்லுல நாக்கு படணும், "துத்தோ"ன்னா எல்லாம், அதை "டுட்டோ"ன்னு சொல்லவே கூடாது. நம்ம ஞ அப்படியே அங்க இருக்கு: பாத்ரூமுக்கு "பாஞோ", அம்மான்னு மரியாதையா கூப்பிட "சிஞோரா", உருளைக்கிழங்குல பண்ற அந்தப் பதார்த்தம் "ஞோக்கி". நிறைய நாட்டுக்காரங்க ஞ சொல்ல எவ்வளவு கஷ்டப்படுவாங்க தெரியுமா. அப்புறம் குறில் நெடில். இத்தாலியன்ல மெய்யெழுத்து ஒத்தையா வந்தா முன்னாடி இருக்கிற அழுத்தமான உயிர் நீளும், இரட்டையா வந்தா குறுகும். "நோனோ"ன்னா ஒன்பதாவது, "நொன்னோ"ன்னா தாத்தா. "பாலா"ன்னா மண்வெட்டி, "பல்லா"ன்னா பந்து. பலிக்கும் பல்லிக்கும் வித்தியாசம் தெரிஞ்ச காதுக்கு இது ஒரு விஷயமே இல்ல. ஆனா அலட்சியமா விட்டுடாதீங்க, வயசு சொல்லும்போது "அன்னி"ன்னு ன-வை அழுத்தணும் (வருஷங்கள்னு அர்த்தம்), அழுத்தம் இல்லாம "ஆனி"ன்னு வந்துட்டா அது உடம்புல பேர் சொல்லக் கூசற இடம்.

ரெண்டு மாசத்துல இது போதும். இருக்கு, வேணும், முடியும், போறோம் – இந்த நாலு வினை. ஒண்ணுல இருந்து நூறு வரைக்கும் எண்கள். சாப்பாடு, ரயில் வார்த்தைகள். ஆப்பிள் சாப்பிடற பையனை அப்படியே விட்டுடுங்க.

கேள்வி: எல்லாருக்கும் "ச்சாவ்" சொன்னா போதும்னு ஒரு வீடியோல பாத்தேன். சரியா அக்கா?

பதில்: தப்பு தம்பி. ச்சாவ் நெருங்கினவங்களுக்கு. நம்ம ஊர்ப் பெரியவர் ஒருத்தரைப் பாத்து எடுத்த எடுப்புல "என்னடா"ன்னு கேப்பீங்களா? அந்த அளவுக்கு மோசம் இல்லன்னாலும் அந்தத் திசைதான். இதுல வேடிக்கை என்னன்னா அந்த வார்த்தை பிறந்ததே பணிவுல இருந்துதான், வெனிஸ் பக்கத்து மொழியில "உங்க அடிமை"ன்னு அர்த்தம் வர்ற சொல் தேய்ஞ்சு தேய்ஞ்சு ச்சாவ் ஆயிடுச்சு.

கடைக்குள்ள நுழையும்போது "புவோன்ஜோர்னோ", சாயங்காலம் ஆனா "புவோனசேரா". சும்மா பொருளைப் பாக்க நுழைஞ்சாலும் இதைச் சொல்லிட்டு நுழையணும், சொல்லாம போனா மரியாதைக் குறைவா எடுத்துப்பாங்க. "புவோனநொத்தே" படுக்கப் போகும்போது விடைபெற மட்டும்தான், ராத்திரி ஓட்டலுக்குள்ள வரும்போது சொல்லாதீங்க.

நீ, நீங்க வித்தியாசம் அவங்ககிட்டயும் இருக்கு. நீ-க்கு "தூ", மரியாதையா "லேய்". லேய்-ன்னா நேர் அர்த்தம் "அவள்", ஆம்பளையைக் கூப்பிட்டாலும் அதேதான். விநோதமா இருக்கா? நம்ம "தாங்கள்" கூட அப்படித்தானே, முதல்ல அது படர்க்கையில "தாமே"ன்னு சொல்ற சொல், அப்புறம்தான் எதிர்ல நிக்கறவரை மரியாதையா கூப்பிட வந்துச்சு. முசோலினி ஆட்சி 1938-ல லேய் கூடவே கூடாதுன்னு தடை போட்டு "வோய்"னு சொல்லச் சொன்னாங்க, ஆட்சி போனதும் ஜனங்க லேய்க்கே திரும்பிட்டாங்க. உங்களுக்கு வேண்டியது ஒண்ணுதான்: யாரையாவது நிறுத்தி ஏதாவது கேக்கணும்னா "ஸ்கூஸி"ன்னு இகரத்துல முடிங்க, அது நீங்க. "ஸ்கூஸா"ன்னா நீ.

கேள்வி: ஆண்பால் பெண்பால் தலைவலி! மேஜைக்கும் நாற்காலிக்கும் எதுக்கு பால்? இங்கிலீஷ்ல இருக்கிற ஒரே "தி"-க்கு (the) இத்தாலியன்ல ஏழு சொல்லாம்ல?

பதில்: ஆமாங்க, இல், லோ, லா, ஒட்டிக்கிற ல், பன்மைக்கு இ, ல்யீ, லே, மொத்தம் ஏழு. இங்க தமிழ் உதவாது, நமக்கு மேஜையும் நாற்காலியும் அஃறிணை, கதை முடிஞ்சது.

பயணத்துக்குப் போறவங்க இந்த ஏழையும் மனப்பாடம் பண்ண வேண்டியதில்லங்கிறது என் கருத்து, வாத்தியார்கள் கோவிச்சுக்கலாம். ஓகாரத்துல முடிஞ்சா பெரும்பாலும் ஆண்பால், பன்மையில இகரம். ஆகாரத்துல முடிஞ்சா பெரும்பாலும் பெண்பால், பன்மையில ஏகாரம். "உன் ஜெலாத்தோ, தூவே ஜெலாத்தி", "உனா பீத்ஸா, தூவே பீத்ஸே" – ஒரு ஐஸ்கிரீம், ரெண்டு ஐஸ்கிரீம், ஒரு பீட்சா, ரெண்டு பீட்சா ("உன்", "உனா"ன்னா ஒரு). கை-க்கு "லா மானோ", பிரச்சனைக்கு "இல் ப்ரொப்ளேமா"ன்னு சிலது ஏமாத்தும், ஏமாந்துட்டுப் போங்க, "உன்"னுக்கு பதிலா "உனா"ன்னு சொன்னதால யாரும் காபி கொடுக்காம விட்டதில்ல.

ஒரு இடத்துல மட்டும் கவனம், உங்களைப் பத்திச் சொல்லும்போது. ஆம்பளையா இருந்தா "ஸோனோ வெஜெதாரியானோ", பொம்பளையா இருந்தா "ஸோனோ வெஜெதாரியானா". களைப்பு, அலர்ஜி எல்லாத்துக்கும் அப்படித்தான். தன் பாலைத் தானே மாத்திச் சொன்னா கேக்கறவங்க ஒரு நொடி தடுமாறிப் போவாங்க.

கேள்வி: சாப்பாட்டு விஷயத்துல ஏமாறாம இருக்க என்னென்ன வார்த்தை தெரியணும்? நான் அசைவம் தொடமாட்டேன்.

பதில்: காபில இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா முதல் நாள் காலையில அங்கதான் மாட்டுவீங்க. "லாத்தே"ன்னு கேட்டா வெறும் பால் வரும், லாத்தேன்னா பால்தான். பால் காபி வேணும்னா "காஃபெலாத்தே" இல்ல "கப்புச்சீனோ". சும்மா "உன் காஃபே"ன்னா சின்னக் கிண்ணத்துல அடர்த்தியா ஒரு வாய்க் காபி. கேக்கும்போது "வொர்ரேய்"னு ஆரம்பிங்க, "வேணும்"னு அடிக்காம "கிடைச்சா நல்லாயிருக்கும்"ங்கிற பணிவு அதுல இருக்கு. இலக்கணத்துல அது பெரிய பாடம், நீங்க ஒரே சொல்லா முழுங்கிடுங்க. நிறைய காபி பார்கள்ல முதல்ல "காஸ்ஸா"ல, அதாவது கல்லாவுல, காசு கட்டி "ஸ்கொந்த்ரீனோ"ங்கிற ரசீதை வாங்கி, அதைக் கொண்டுபோய் காபி போடறவர்கிட்ட காட்டணும். நின்னு குடிச்சா ஒரு விலை, மேஜையில உக்காந்தா கூடுதல், விலைப் பட்டியல்லயே "பாங்கோ", "தாவோலோ"ன்னு ரெண்டு பத்தி போட்டிருக்கும், பாங்கோதான் நிக்கற விலை.

பில்லுல "கொபேர்தோ"ன்னு இருந்தா பதறாதீங்க, உக்காந்ததுக்கும் ரொட்டிக்கும் ஆளுக்கு இவ்வளவுன்னு சேர்க்கற கட்டணம் அது, மெனுவுல முன்னாடியே சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க, அதைப் பாத்துட்டு உக்காருங்க. பில் அவங்களா கொண்டுவர மாட்டாங்க, அவசரப்படுத்தறது மரியாதை இல்லன்னு காத்திருப்பாங்க, நீங்கதான் "இல் கோன்தோ, பேர் ஃபவோரே"ன்னு கேக்கணும். இது தெரியாம ஒரு மணி நேரம் உக்காந்து எரிச்சல்படறவங்களை நிறையப் பாத்திருக்கேன்.

இனி சைவம். "ஸென்ஸா" இருக்கே, அதுதான் உங்க காவல் தெய்வம். "ஸென்ஸா கார்னே, ஸென்ஸா பேஷே" – கறி இல்லாம, மீன் இல்லாம. முட்டைக்கு "ஸென்ஸா வுவோவா". வெறும் "வெஜெதாரியானா"ன்னு நிறுத்திடாதீங்க, சூப்புலயும் ரிசொத்தோங்கிற அரிசிச் சாதத்துலயும் காய் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், அடியில "ப்ரோதோ தி கார்னே", அதாவது கறி வேகவச்ச தண்ணி இருக்கலாம். "ச்செ ப்ரோதோ தி கார்னே?"ன்னு வாய்விட்டுக் கேட்டுடுங்க. இன்னொண்ணு, பர்மிஜானோ சீஸ் கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கற உறைப்பொருள்ல செய்யறது, அதைத் தவிர்க்கறவங்க "ஸென்ஸா ஃபொர்மாஜ்ஜோ"ன்னு சேர்த்துக்குங்க. "அச்சூகே"ன்னா நெத்திலி மாதிரி சின்ன மீன், பீத்ஸா மேல ஒளிஞ்சிருக்கும். ஆனா "மரினாரா" பீத்ஸாவைப் பேரைப் பாத்து கடல் உணவுன்னு ஒதுக்கிடாதீங்க, தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் அவ்வளவுதான், சீஸ்கூட இல்ல. "பெப்பெரோனி"ன்னா குடமிளகாய்! அமெரிக்காக்காரங்க அதைக் கறித் துண்டுன்னு நினைச்சுக் கேட்டு குடமிளகாயைப் பாத்து முழிப்பாங்க, உங்களுக்கு அது லாபம்.

கேள்வி: ரயில்ல ஊர் ஊரா போகப்போறோம். ஸ்டேஷன்ல என்ன தெரிஞ்சிருக்கணும்?

பதில்: முதல்ல ஊர் பேரையே மாத்திக்குங்க. போர்டுல ஃபிளாரன்ஸ்னு தேடினா கிடைக்காது, அது "ஃபிரென்ஸே". வெனிஸ் "வெனேத்ஸியா", நேபிள்ஸ் "நாப்பொலி", அதுல அழுத்தம் நா-ல. "வெனேத்ஸியா மெஸ்த்ரே"ன்னு ஒரு ஸ்டேஷன் வரும், அது கரையில இருக்கு, கால்வாய் எல்லாம் பாக்கணும்னா இறங்கவேண்டியது அடுத்து வர்ற "வெனேத்ஸியா ஸான்தா லுச்சியா". அப்புறம் "மோனகோ"ன்னு போட்டிருந்தா குழம்பாதீங்க, ஜெர்மனியோட மூனிச்சுக்கும் இத்தாலியன்ல அதே பேர்தான், பின்னாடி "தி பவியேரா"ன்னு இருக்கான்னு பாருங்க.

"பினாரியோ"ன்னா பிளாட்பாரம், பஸ்ல வர்ற ப. "பார்த்தென்ஸே" புறப்பாடு, "அர்ரீவி" வருகை. "ரித்தார்தோ"ன்னா லேட். "கொயின்ச்சிதென்ஸா"ன்னா தற்செயல்னு அகராதி சொல்லும், ஸ்டேஷன்ல அதுக்கு நீங்க மாறிப் பிடிக்கவேண்டிய இணைப்பு ரயில்னு அர்த்தம். "ஷோப்பெரோ"ன்னா வேலைநிறுத்தம், இதைக் கண்டிப்பா மனசுல வைங்க, அடிக்கடி நடக்கும், முன்கூட்டியே அறிவிச்சுடுவாங்க. அன்னிக்கும் வேலைநாள்னா காலையில 6-ல இருந்து 9, சாயங்காலம் 6-ல இருந்து 9 வரைக்கும் உள்ளூர் ரயில்களுக்கு உத்தரவாத நேரம் உண்டு.

என் சொந்த அனுபவம் ஒண்ணு. முதல் தடவை போனப்போ "ரெஜொனாலே" ரயிலுக்கு, அதாவது பக்கத்து ஊர்களுக்குப் போற சாதா ரயிலுக்கு, பேப்பர் டிக்கெட் வாங்கிக்கிட்டு நேரா ஏறிட்டேன், டிக்கெட்டுலயே "கொன்வலிதாரே"ன்னு அச்சடிச்சிருந்துச்சு, அந்தச் சொல் எனக்குத் தெரியல. பிளாட்பாரம் பக்கத்துல இருக்கிற சின்ன மெஷின்ல சொருகி முத்திரை குத்திக்கிட்டுதான் ஏறணும்னு அர்த்தமாம், குத்தலன்னா டிக்கெட் கையில இருந்தும் அபராதம். கட்டினேன். காசு போனதை விட, நாம ஏமாத்தப் பாத்ததா அந்தப் பரிசோதகர் நினைச்சுட்டாரேங்கிறதுதான் ரொம்ப நாள் உறுத்திச்சு, "தெரியாம நடந்துடுச்சு"ன்னு சொல்லக்கூட அன்னிக்கு எனக்கு வார்த்தை இல்ல. "நோன் லோ ஸப்பேவோ" – எனக்கு அது தெரியாம இருந்துச்சு. இதை எல்லாரும் எழுதி வச்சுக்குங்க.

கேள்வி: நான் 6 மாசமா படிக்கிறேன், கேள்வி நல்லா கேக்க வருது. ஆனா அவங்க பதில் சொல்ல ஆரம்பிச்சா மழை மாதிரி கொட்டுறாங்க, ஒண்ணும் புரியல. என்ன செய்ய?

பதில்: இது எல்லாருக்கும் வர்ற கஷ்டம்தான், யாரும் முன்னாடியே சொல்றதில்ல. நல்ல உச்சரிப்புல கேள்வி கேட்டா "இவருக்கு பாஷை தெரியும்"னு நினைச்சு அவங்களும் முழு வேகத்துல பேசுவாங்க. அதனால பதிலைக் குறுக்கற மாதிரி கேள்வி கேளுங்க. "ஸ்டேஷனுக்கு எப்படிப் போறது"ன்னு கேட்டா கதை வரும். கையைக் காட்டி "ஆ தேஸ்த்ரா ஓ ஆ ஸினிஸ்த்ரா?" – வலது பக்கமா இடது பக்கமான்னு கேட்டா ஒரு சொல்லுல பதில் வரும். "த்ரித்தோ"ன்னு சொன்னா நேரா போகணும்.

புரியலன்னா தலையாட்டாதீங்க, அதுதான் பெரிய தப்பு. "பியூ பியானோ, பேர் ஃபவோரே"ன்னா கொஞ்சம் மெதுவா. எண்ணா இருந்தா "புஓ ஸ்க்ரீவெர்லோ?" – எழுதிக் காட்ட முடியுமா. "ஸெஸ்ஸான்தா" 60, "ஸெத்தான்தா" 70, நல்லா தெரிஞ்சவங்களே சத்தத்துல மாத்திக் கேப்பாங்க. எழுதிக் காட்டும்போது 3,50-ன்னு காற்புள்ளி போட்டிருந்தா மூணரை யூரோ, அவங்களுக்குக் காற்புள்ளிதான் தசமப் புள்ளி. ஆயிரத்துக்கு 1.000-ன்னு புள்ளி வைப்பாங்க. வீட்டுல பழக, இத்தாலிய வானொலியை நெட்ல போட்டு செய்திக்கு நடுவுல வர்ற எண்களை மட்டும் பிடிச்சு எழுதுங்க, மத்தது ஓடட்டும். பத்து நாள்ல காது திறக்கும்.

கேள்வி: புத்தகத்துல படிக்கிற இத்தாலியன் எல்லா ஊர்லயும் செல்லுமா?

பதில்: செல்லும். நாடு ஒண்ணானது 1861-லதான், அதுக்கு முன்னாடி பெரும்பாலான ஜனங்க அவங்கவங்க பகுதி மொழிதான் பேசினாங்க, பொது மொழியா நின்னது தாந்தேங்கிற பழைய கவிஞர் எழுதின ஃபிரென்ஸே பக்கத்து மொழி. இப்ப எல்லாருக்கும் பொது மொழி தெரியும், ஆனா நாப்பொலில ரெண்டு பேர் தங்களுக்குள்ள பேசிக்கிட்டா நீங்க படிச்சது எதுவும் காதுல விழாது, அதுக்கு மனசு விட்டுடாதீங்க, அது வேற மொழி மாதிரி. வெனேத்ஸியால தெருவுக்கு "கல்லே", சதுக்கத்துக்கு "காம்போ". ஃபிரென்ஸேல ஒரு அழகு இருக்கு, உயிருக்கு நடுவுல வர்ற க அங்க ஹ ஆயிடும், "லா காஸா"ன்னா வீடு, அவங்க "லா ஹாஸா"ம்பாங்க. நாம அகம்-னு எழுதி அஹம்-னு சொல்றோமே, அதேதான். முதல்ல கேட்டப்போ எனக்கு மெய் சிலிர்த்துச்சு.

கேள்வி: வயசான அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன். உடம்பு முடியலன்னா, பாஸ்போர்ட் தொலைஞ்சா?

பதில்: அவசரத்துக்கு 112. ஆஸ்பத்திரியில அவசரப் பிரிவு "ப்ரோன்தோ ஸொக்கோர்ஸோ". மருந்துக் கடை "ஃபர்மச்சீயா", பச்சைச் சிலுவை எரியும். அம்மாவுக்கு ஒரே ஒரு வாக்கியம் கத்துக் கொடுங்க, கையை வச்சு "மி ஃபா மாலே குவீ"ன்னு சொல்லணும். மி – எனக்கு, ஃபா மாலே – வலிக்குது, குவீ – இங்க. அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னா இன்னும் நல்லது, தமிழ்ல இருந்து நேரா பிடிச்சுப்பாங்க. பாஸ்போர்ட்டுக்கு "ஓ பேர்ஸோ இல் பஸ்ஸப்போர்தோ", இதைப் போலீஸ்ல சொல்லி "தெனூன்ச்சா"ங்கிற புகார்ச் சீட்டு வாங்கிக்கிட்டு அதோட உங்க நாட்டுத் தூதரகத்துக்குப் போகணும்.

கேள்வி: ஓட்டல் குழாய்ல சி-ன்னு போட்டிருந்தா குளிர்ந்த தண்ணிதானே?

பதில்: இல்லங்க! "கால்தோ"ன்னா சூடு, அதோட முதல் எழுத்துதான் அந்த சி. ஜில்லுக்கு "ஃப்ரெத்தோ", எஃப்னு போட்டிருக்கும். கை சுட்டுக்காதீங்க. பாத்ரூம் கதவுலயும் இதே கவனம் வேணும், "சிஞோரி"ன்னு இகரத்துல முடிஞ்சா ஆண்கள், "சிஞோரே"ன்னு ஏகாரத்துல முடிஞ்சா பெண்கள்.